போர்வையின் நான்கு முனைகள்

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். என் மானம் உங்க ரெண்டு பேர் கையிலதான் இருக்கு" என்று அக்கா கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

கடிதம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையிலிருந்து வந்தது. அக்கா தையற்காரி. அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ் ஒருத்தியின் மனதைக் கரைத்துக் கரைத்து, தம்பி மனைவிக்காக வாங்கிய வேலை அது. ஏசி அறை, சுழல் நாற்காலி, உட்கார்ந்த இடத்தில் உத்தியோகம்.

"வீடு வீடா ஏறி இறங்கி, 'குழந்தை பால் குடிக்குதா, மாத்திரை முழுங்கினீங்களா'ன்னு கேக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்பது அக்காவின் கட்சி. பெரியவனுக்கும் உள்ளுக்குள் அதே கட்சிதான். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவே.

பெரியவன் என்பது அக்காவின் கணவனுக்கு அல்ல, அவளுடைய தம்பிக்கு வீட்டில் நிலைத்துவிட்ட பெயர். லிஃப்ட் மெக்கானிக். அவனுக்குக் கீழே சின்னவன் ஒருவன் உண்டு. நாலு வருடங்களுக்கு முன் அம்மா இறந்த அன்று, "பக்கத்துலயே இருந்தும் பாக்காம விட்டுட்டியேடா!" என்று பெரியவன் அவனை அத்தனை பேர் முன்னால் அறைந்தான். அறை வாங்கியவன் அன்று படி இறங்கிப் போனவன்தான். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், ஒன்றும் தெரியாது. அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

காலையில், சுகாதார நிலையத்து நர்ஸான பெரியவன் மனைவியின் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. பத்து உதை உதைத்தும் ஒரு இருமல்கூட இல்லை.

"ஏங்க, உங்களுக்கு இன்னைக்கு லீவுதானே? என்னை வண்டியில வச்சுக் கொஞ்சம் சுத்துங்களேன்."

"ஊரையா?"

"நான் சுத்தற ஊரை."

கல்யாணமாகிப் பதினோரு வருடங்கள். சுகாதார நிலையத்து வாசலில் அவளை இறக்கிவிட்டிருக்கிறான், ஏற்றி வந்திருக்கிறான். இடையில் எட்டு மணி நேரம் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டதில்லை. வீட்டில் அவள் சாவியை வைத்த இடம் மறப்பவள், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்க விடுபவள். வெளியில் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்ற எண்ணத்தோடுதான் பெரியவன் பைக்கை எடுத்தான்.

முதல் வீடு ஒரு ரொட்டிக்காரருடையது. பேக்கரியில் இருபது வருடம் அடுப்பு முன் நின்றவர். சர்க்கரை வியாதி.

"வாங்க சிஸ்டர். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

நர்ஸ் அவரைப் பார்க்கவே இல்லை. வாசலில் கழற்றிக் கிடந்த அவருடைய ஷூக்களைப் போய் எடுத்தாள். இடதுகால் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. வலதுகால் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அவள் கை சட்டென்று நின்றது.

அடித்தோலைக் குத்திக்கொண்டு ஒரு சிறிய ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

"காலைக் காட்டுங்க."

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, கறுத்த ஒரு துளை. ஓரமெல்லாம் வெந்தது போல வெளுத்திருந்தது.

"இந்த ஷூவைப் போட்டு எத்தனை நாளா நடக்கறீங்க?"

"மூணு நாள் இருக்கும். ஏன் சிஸ்டர்?"

பெரியவனால் பொறுக்க முடியவில்லை. "வலிக்கலையாங்க?"

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் அவன் மனைவி, குனிந்து புண்ணைக் கழுவிக்கொண்டே. "சர்க்கரை ஏறி ஏறி, கால் இவரோட பேசறதையே நிறுத்திடுச்சு. அதனாலதான் நான் இவர்கிட்ட விசாரிக்கறதுக்கு முன்னாடி ஷூகிட்ட விசாரிக்கறது."

அவள் கட்டுப் போட்டாள். நிலையத்து டாக்டருக்குப் போன் செய்து, உடனே அங்கே போய் ஊசி போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தாள். பேக்கரி முதலாளிக்கும் அவளே பேசி லீவு சொன்னாள். எல்லாம் பதினைந்து நிமிடம். இந்தக் காலை இன்னும் ஒரு வாரம் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் விரல் போயிருக்கும், அதற்குப் பிறகு பாதம் என்று படியிறங்கும்போதுதான் சொன்னாள். பெரியவன் வண்டியின் கிக்கரை உதைக்க மறந்து ஒரு நிமிடம் நின்றான்.

"அடுத்தது எங்கே?"

அவள் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு மூடினாள். "வரிசைப்படி இன்னும் மூணு வீடு இருக்கு. ஆனா முதல்ல அஞ்சாம் மாடிக்குப் போயிடலாம். அங்கே ஒரு பொண்ணு, பிரசவமாகி ஆறு நாள். நேத்து ராத்திரி போன்ல பேசிட்டு வைக்கறப்போ, 'குழந்தை பெத்தா கண்ணாடி பவர் மாறுமா சிஸ்டர்'னு கேட்டா. நானும் சிரிச்சுக்கிட்டே 'நாளன்னைக்கு வர்றேன், பாக்கலாம்'னுட்டேன். காலையில எழுந்ததிலேர்ந்து அந்தக் கேள்வி முள்ளு மாதிரி இருக்கு."

"கண்ணாடி பவர்தானே?"

"அவ கண்ணாடியே போடறவ இல்லைங்க."

அது பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட்டின் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை மழையில் நனைந்து உலர்ந்து மஞ்சளாகியிருந்தது.

"உங்க ஆளுங்க லட்சணம்" என்றாள் அவள்.

"எங்க கம்பெனி இல்லம்மா இது" என்று பெரியவன் ரோஷத்தோடு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். கம்பி வடமே இல்லை. கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"கீழே பின்பக்கம் ஒரு வீடு இருக்கு. திரும்பி வர்றப்போ அங்கே நான் மட்டும் போவேன். நீங்க வண்டிகிட்ட நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் படியேறினாள். ஏன் என்று கேட்பதற்குள் ஒரு மாடி மேலே போயிருந்தாள்.

ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்தது அந்தப் பெண்ணின் மாமியார். தோளில் குழந்தை.

"தலைவலின்னு படுத்திருக்கா சிஸ்டர். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல, வேற ஒண்ணுமில்ல. சூடா ஏதாவது குடிச்சிட்டுத் தூங்கினா சரியாயிடும். பையன் ஷிப்ட்டுக்குப் போயிருக்கான்."

கட்டிலில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். முகம் ஊதியிருந்தது. நர்ஸ் அவள் கையைப் பிடித்தபடி, ஊர்க்கதை பேசுகிறவள் போலக் கேட்டாள்.

"என் முகம் தெரியுதா கண்ணு?"

"தெரியுது சிஸ்டர். ஆனா ஓரமெல்லாம் பூச்சி பறக்கற மாதிரி இருக்கு. நெஞ்சுக்குக் கீழே வேற பிசையுது."

பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் சுற்றினாள். காற்று ஏறியது, இறங்கியது. அவள் இன்னொரு முறை ஏற்றி இறக்கினாள். பெரியவன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் காலைத் தரையில் ஊன்றிக்கொண்ட விதம் மாறியது. பாரம் தூக்கப் போகிறவன் நிற்கும் நிலை அது, அவனுக்குத் தெரியும்.

அவள் டாக்டரைப் போனில் பிடித்தாள். "பிரசவமாகி ஆறாம் நாள். பிரஷர் நூத்தி எழுபத்தெட்டு, கீழே நூத்திப் பதினாறு. ரெண்டு தடவை எடுத்துட்டேன். தலைவலி, கண் மங்கல், மேல்வயித்து வலி. வலிப்பு வர்றதுக்கு முந்தின நிலைன்னு நினைக்கிறேன் டாக்டர். மருந்து பையில இருக்கு, போட்டுடவா?... சரி... ஆம்புலன்ஸை நீங்க கூப்பிடுங்க, எனக்குக் கை வேணும்."

அவள் போனை வைக்கவும் கட்டில் கிறீச்சிடவும் சரியாக இருந்தது.

அந்தப் பெண்ணின் கண்கள் மேலே செருகின. தாடை இறுகியது. உடம்பு முழுவதும் வில்லாய் வளைந்து உதற ஆரம்பித்தது. மாமியார் ஐயோவென்று அலறிக் குழந்தையைப் பெரியவன் கையில் திணித்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாயில எதையும் வைக்காதீங்கம்மா! கையைக் காலைப் பிடிச்சு அழுத்தாதீங்க." குரல் உயரவில்லை. ஆனால் அந்த அறையில் அதற்கு மேல் யாரும் அசையவில்லை. பெண்ணை இடப்பக்கம் ஒருக்களித்துத் திருப்பினாள். தலையணையை இழுத்துத் தலைக்கு முட்டுக் கொடுத்தாள். ஒரு கண் கைக்கடிகாரத்தின் மேல் இருந்தது.

ஆறு நாள் குழந்தை பெரியவனின் உள்ளங்கைகளில் ஒரு காகிதப் பை அளவு கனத்தது. அவன் மூச்சு விடக்கூட பயந்தான்.

"எழுபது செகண்ட்" என்றாள் அவள், உதறல் அடங்கியதும். வாயோரம் துடைத்தாள். மருந்தை ஊசிக்குள் ஏற்றினாள். இடுப்பின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. ரொம்ப மெதுவாக, அவசரமே இல்லாதவள் போல. வீட்டில் பால் பாக்கெட்டைப் பிரிக்கும்போது மேசையெல்லாம் சிந்துகிற அதே விரல்களா இவை என்று பெரியவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இன்னொரு தடவை வந்தா தாங்காது. உடனே கீழே கொண்டுபோகணும். படியில நின்னு கத்துங்க. மூணு பேராவது வேணும்."

குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவன் ஓடினான். லிஃப்ட் மெக்கானிக்காக அவன் எத்தனையோ கட்டடங்களில் சிக்கியவர்களை இறக்கியிருக்கிறான். இன்று அவன் கையில் சாவியும் இல்லை, ஸ்பேனரும் இல்லை, தொண்டைதான் இருந்தது. படிக்கட்டுக் கைப்பிடியில் குனிந்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஆள் வேணும்! அஞ்சாம் மாடிக்கு ஆள் வேணும்!"

நாலாம் மாடியில் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் தூரிகையை வீசிவிட்டு வந்தார். இரண்டாம் மாடியிலிருந்து சலவைக்கடைக்காரர் ஓடிவந்தார். அவர் மனைவி இன்னும் கீழே படியேறி வந்துகொண்டிருந்தாள். நர்ஸ் கெட்டிப் போர்வையை விரித்து, அதில் பெண்ணை ஒருக்களித்துக் கிடத்தி, ஓரங்களைச் சுருட்டிக் கைப்பிடியாக்கிக் காட்டினாள். "நாலு முனைக்கு நாலு பேர். மூணு பேர்தான் இருக்கீங்க. நாலாவது முனையை நான்..."

"அண்ணி, நான் பிடிக்கிறேன்."

வாசற்படியில் இருந்து வந்தது குரல். அந்தப் பகுதியில் சின்னக் குழந்தைமுதல் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் உரிமை உண்டு.

பெரியவன் திரும்பினான்.

சின்னவன் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. அண்ணனை ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையை இறக்கிக்கொண்டான்.

"உன்னால முடியுமா?" என்று கேட்டாள் நர்ஸ். அந்தக் கேள்வியில் ஆச்சரியம் இல்லை. நேற்றும் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வி அது.

"முடியும் அண்ணி."

அவள் அவனை எடை போடுவது போல ஒரு விநாடி பார்த்தாள். "ரெண்டு மாடிதான். மூணாவதுல நான் சொன்னதும் விட்டுடணும். தலைப்பக்கம் ரெண்டு பேரும் பிடிங்க. ம், தூக்கு!"

இப்படியாக, நாலு வருடம் முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும், ஒரு போர்வையின் இரண்டு தலைமுனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். நடுவில் யாரோ பெற்ற பெண் ஒருத்தி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

"படி" என்றான் பெரியவன்.

"படி" என்றான் சின்னவன்.

"திருப்பம். உன் பக்கம் உசத்து."

"உசத்திட்டேன்."

நர்ஸ் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி இறங்கினாள். ஒரு கை பெண்ணின் தாடைக்கடியில், இன்னொரு கை நாடியில். ஒவ்வொரு மூச்சையும் அவளே இழுத்து விடுவது போல உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மாமியார் குழந்தையோடு பின்னால் வந்தாள். வழியெல்லாம் கதவுகள் திறந்தன. நடைவழியில் கிடந்த சைக்கிளை, பூந்தொட்டிகளை, செருப்பு அலமாரியை ஆளுக்கொருவர் இழுத்து ஒதுக்கினார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில், "போதும், மாத்து" என்றாள். சின்னவன் தலையாட்டி மறுத்தான். "மாத்துன்னு சொன்னேன்." சலவைக்காரரின் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் முனையை வாங்கினாள். சின்னவன் சுவரில் சாய்ந்து, முழங்கை மடிப்புக்குள் முகம் புதைத்து இருமினான். பெரியவன் அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தான்.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. பெண்ணை ஏற்றினார்கள். மாமியாரும் குழந்தையும் ஏறினார்கள். கடைசியாக ஏறப்போன நர்ஸ், பதிவேடு இருந்த துணிப்பையைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள்.

"இதைப் பத்திரமா வச்சிருங்க. யாரும் பிரிக்கக் கூடாது. நீங்களும்தான்."

"அவன்... உனக்கு எப்படி..."

"அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லைங்க." அவள் கண்கள் ஒரு நொடி கலங்கித் தெளிந்தன. "நீங்க அன்னைக்கு அறைஞ்சப்போ நான் உங்க பொண்டாட்டி. இப்போ அவனுக்கு நான் நர்ஸ். ரெண்டையும் கலக்க எனக்கு உரிமை இல்ல."

கதவு மூடியது. வண்டி அலறிக்கொண்டு போனது.

பெரியவன் கட்டடத்து வாசற்படியில் உட்கார்ந்தான். மடியில் பை. தம்பிக்கு என்ன, எத்தனை நாளாய், பிழைப்பானா, எல்லாம் பையிலிருந்த பதிவேட்டின் நீல அட்டைக்குள் இருந்தது. விரல் அட்டையின் விளிம்புவரை போயிற்று. எத்தனை ராத்திரி இவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் சோறு போட்டிருக்கிறாள், அவன் தம்பி உயிரோடு இருப்பது தெரிந்துகொண்டே! 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று கோபம் வர வேண்டிய இடத்தில், அவனுக்கு வேறு ஏதோ வந்தது. இந்தத் தெருவில் எத்தனை வீட்டு ரகசியத்தை இவள் இப்படிச் சுமந்துகொண்டு திரிகிறாளோ! அதற்கு நடுவில்தான் சாவி வைத்த இடம் மறக்கிறாள். மறக்காமல் என்ன செய்வாள்?

அவன் விரலை எடுத்துவிட்டான். பையின் வாயை இறுக்கிக் கட்டினான்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. பின்னணியில் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"பிரஷர் இறங்கிடுச்சுங்க. வழியில வலிப்பு வரலை. இப்போ கண்ணைத் திறந்து குழந்தை எங்கேன்னு கேட்டா. 'முகம் தெளிவா தெரியுது'ங்கறா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பெரியவன் நிமிர்ந்தபோது எதிரே சின்னவன் நின்றான். ஒரு கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு உள்ளங்கையில் நாலு மாத்திரைகள்.

"பொழைச்சிட்டாளா?"

"பொழைச்சிட்டா."

சின்னவன் மாத்திரை இருந்த உள்ளங்கையை நீட்டிக் காட்டினான். "அண்ணி தினம் பதினோரு மணிக்குப் பின்பக்கத்து என் வீட்டுக்கு வருவாங்க. அவங்க கண்ணு முன்னாலதான் முழுங்கணும். அதான் முறை. இன்னைக்கு அவங்க வர முடியாதுல்ல..." தொண்டையைச் செருமினான். "டி.பி. இப்போ யாருக்கும் ஒட்டாது. ரெண்டாவது மாசமே சளியில கிருமி இல்லைன்னுட்டாங்க. யாராவது ஒருத்தர் பாத்தா போதும். நீ பாக்கறியா?"

பெரியவன் தலையாட்டினான். நகர்ந்து படியில் இடம் விட்டான். தம்பி உட்கார்ந்தான். ஒவ்வொரு மாத்திரையாக நாக்கில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து முழுங்கினான். குரல்வளை ஏறி இறங்குவதைப் பெரியவன் கண் இமைக்காமல் பார்த்தான்.

"எத்தனை நாளாச்சு?"

"நூத்திப் பன்னெண்டு. ஒரு நாள்கூட விட்டதில்ல. நான் விடலாம்னு பாத்தாலும் அவங்க விடலை. முதல் மாசம் கதவைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சேன். கதவுக்கு வெளியே கால் கடுக்க நின்னாங்க. 'நான் உன் அண்ணியா வரலை, நர்ஸா வந்திருக்கேன், திற'ன்னாங்க."

"உங்க அண்ணன்கிட்ட சொல்றேன்னு சொல்லலையா?"

"நான்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் கேட்டேன். சத்தியமெல்லாம் தேவையில்லை, அது என் வேலைன்னாங்க."

பெரியவன் கை தானாக நீண்டு தம்பியின் முதுகில் பட்டது. எலும்பு தட்டுப்பட்டது. அன்று அறைந்த அதே கை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ என்னைக் கேக்கவே இல்லைண்ணே" என்றான் சின்னவன், மெதுவாக.

"இப்போ கேக்கறேன். சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பெரியவனின் போன் அடித்தது. அக்கா.

"என்னடா, நாலரை ஆகப்போகுது! அந்த அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. உன் பொண்டாட்டி என்ன சொல்றா? வர்றாளா, மாட்டாளா?" பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அவ ஒரு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்காக்கா. பதிலை அவதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். அக்கா, இங்கே கேளு. சின்னவன் என் பக்கத்துல உக்காந்திருக்கான்."

மெஷின் நின்றது.

அழுவாள், திட்டுவாள், உடனே கிளம்பி ஓடிவருவாள் என்று பெரியவன் காத்திருந்தான். எதுவும் இல்லை. பிறகு அக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலில் பயத்தை அவன் இதுவரை கேட்டதே இல்லை.

"அவன்... அன்னைக்கு நடந்ததை உன்கிட்ட சொல்லிட்டானா?"